பூஜைக்கு வராத பேட்டரி

மே 2, வெள்ளி

கோலாலம்பூருக்கு நான் போகிறேன்.

இருபத்தாறு வருடமாக இந்தக் கல்லூரியில் குப்பை கொட்டுகிறேன். அதில் பதினொரு வருடம் இயந்திரவியல் துறைத் தலைவர். இதுவரை விமானம் ஏறியது ஒரே ஒரு தடவை, அதுவும் சென்னைக்கு, ஒரு சாவுக்கு. ஆகவே இன்று தாளாளர் நல்லசிவம் என்னை அழைத்து, "வையாபுரி சார், நீங்கதான் டீமைக் கூட்டிட்டுப் போகோணும்" என்றபோது நான் பெரிதாக மறுப்புச் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். ரோபோக்கள் கால்பந்து ஆடும் போட்டி ஒன்று மலேசியாவில் நடக்கிறது. நம் கல்லூரி ரோபோக்கள் இரண்டு தேர்வாகியிருக்கின்றன. இரண்டடி உயரம், இரண்டு கை, இரண்டு கால். மூன்று வருடமாக உதவிப் பேராசிரியர் கஸ்தூரியும் மாணவிகளும் சேர்ந்து செய்தவை. மாணவிகள் அவற்றுக்கு மொட்டை, நெட்டை என்று பெயர் வைத்திருந்தார்கள். கல்லூரிக்கு இது அழகல்ல என்று நான் தலையிட்டு, தாளாளரின் முதலெழுத்துகளில் என்.எஸ். ஒன்று, என்.எஸ். இரண்டு என்று மாற்றினேன்.

இரண்டு மாணவிகளுடன் ஒரே ஓர் ஆசிரியர்தான் போகலாம். கஸ்தூரி போவதுதானே முறை என்று சிலர் முணுமுணுத்ததாகக் கேள்வி. கஸ்தூரி கெட்டிக்காரர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் இருப்பவர். வருடாவருடம் மே மாதம் புதுப்பிக்க வேண்டும். அவர் வெளிநாடு போய், துறைத் தலைவர் கரூரில் உட்கார்ந்திருந்தால் ஊர் என்ன பேசும்?

தாளாளர் இன்னொன்றும் சொன்னார். "இந்தப் பொம்மைங்க அங்க போயி களத்துல நின்னு ஆடோணுமுங்க சார். ஆடலைன்னா அந்த லேப்பை மூடிட்டு, ரூமை அட்மிஷன் ஆபீசுக்குக் குடுத்தரலாம். அந்தம்மாவுக்கும் இந்த மே மாசத்தோட சரி." கஸ்தூரிக்குக் கணவர் இல்லை. மகள் நம் நிர்வாகத்தின் பள்ளியில்தான் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். வேலை போனால் பள்ளியும் போகும். பாவம்தான். ஆனாலும் நிர்வாகம் என்றால் அப்படித்தான்.

ஜூனில் கல்லூரி முதல்வர் ஓய்வு பெறுகிறார். அதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

மே 5, திங்கள்

கஸ்தூரி என்னை ரோபோ கூடத்துக்கு அழைத்து ஒன்றரை மணி நேரம் வகுப்பு எடுத்தார். எனக்கே வகுப்பு. பொறுத்துக்கொண்டேன்.

"சார், ரோபோவைப் பெட்டில வெச்சு லக்கேஜ்ல போட்டரலாம். மொழங்கால்தான் இதுல எளசு. உள்ள சின்னச் சின்னப் பல்சக்கரம் இருக்குது. ஆடாம அசையாம இருக்கறதுக்குத்தான் சுத்தி ஸ்பான்ஜ் வெட்டி வெச்சிருக்கோம். பேட்டரியை மட்டும் கையோட பிளேனுக்குள்ள கொண்டு போகோணுமுங்க. லக்கேஜ்ல போட்டா பெட்டியவே எறக்கீருவாங்க."

"ஏன்? பெட்டியில் என்ன குறைச்சல்?"

"தீப்பிடிச்சுதுன்னா, மேல கண்ணு முன்னாடி இருந்தா அணைக்கலாமுங்க சார். கீழ இருந்தா யாருக்கும் தெரியாது."

நாற்காலியை இரண்டடி பின்னால் நகர்த்திக்கொண்டேன். பயம் என்று காட்டிக்கொள்ளவில்லை.

ஆறு பேட்டரிகள். ஒவ்வொன்றும் ஒரு சோப்புப் பெட்டி அளவு. ஒரு பேட்டரி பன்னிரண்டு நிமிடம் தாங்கும். ஆட்டம் இருபது நிமிடம். பேட்டரிக்குள் எவ்வளவு சக்தி அடங்கியிருக்கிறது என்பதை விமான நிலையத்தில் படித்துப் பார்ப்பார்களாம். கம்பெனிக்காரன் அதை அச்சடிக்காததால், கஸ்தூரியே விற்றவரிடம் முத்திரை வாங்கி, காகித லேபிள் தயார் செய்து ஒட்டியிருக்கிறார். விற்றவரிடம் ஒரு கடிதமும் வாங்கிக் கொடுத்தார். நான்கு பக்கத்துக்குக் குறிப்பு வேறு. முக்கியமான காகிதங்கள் என்பதால் எல்லாவற்றையும் என் பெரிய சூட்கேஸில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

பத்து பொன்னாடைகள் வாங்கியாயிற்று. அந்நியப் பேராசிரியர்களைப் பார்க்கும்போது வெறுங்கையோடு நிற்க முடியாது.

மே 6, செவ்வாய்

பூஜை சிறப்பாக நடந்தது. இது என் யோசனை. கல்லூரிப் பேருந்து வாங்கினால் பூஜை, ஜெனரேட்டர் வாங்கினால் பூஜை. கடல் தாண்டிப் போகிற ரோபோவுக்கு இல்லையா?

என்.எஸ். ஒன்றுக்கும் இரண்டுக்கும் மாலை. வண்டிக்குச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைப்பதுபோல ரோபோவின் காலடியிலும் வைத்து மிதிக்கச் சொன்னேன். தாரணி (மின்னணுவியல் இறுதியாண்டு, அணித் தலைவி, வெள்ளகோவில் பெண்) "வேண்டாமுங்க சார், வழுக்கீரும்" என்றாள். பழத்தை மிதிக்காமல் எந்த வண்டி புறப்பட்டிருக்கிறது? மிதித்தது. வழுக்கியது. தாரணி பாய்ந்து பிடித்துவிட்டாள். பிள்ளைகள் சுறுசுறுப்பாக இருப்பது நல்லதுதான்.

பேட்டரிகளை வாழை இலையில் வரிசையாக வைத்தோம். ஐந்துதான் இருந்தன. ஆறாவது எங்கே என்றேன். கூட வரும் இன்னொரு மாணவி ஃபாசிலா அதைக் கூடத்தில் சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறாளாம். ஐந்துக்கும் என் கையாலேயே சந்தனம் குழைத்து வைத்தேன். பேட்டரிக்கு நெற்றி எது என்பதில் சிறு குழப்பம். வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்த இடம் பார்க்க நெற்றி மாதிரி இருந்தது. அங்கே வைத்து, நடுவில் குங்குமம் இட்டேன். லட்சணமாக இருந்தது.

கஸ்தூரிக்குத் தேர்வு மேற்பார்வைப் பணி போட்டிருந்தேன். முடித்துவிட்டு ஓடி வந்தார். "சார், அந்த லேபிள் மேல..." என்று ஆரம்பித்தார். அப்போதுதான் தாளாளர் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். நான் கையமர்த்தினேன்.

மே 7, புதன்

பொறுப்பான பொருள் என்பதால் ஐந்து பேட்டரிகளையும் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். ஆறாவதை ஃபாசிலா நேராக விமான நிலையத்துக்கு எடுத்து வருவாள்.

பெட்டி அடுக்கினோம். பொன்னாடைகளுக்கு என் சூட்கேஸில் இடமில்லை. என் மனைவி மரகதம் முறுக்கு, அதிரசம், பருப்புப்பொடி எல்லாம் வைத்துவிட்டாள். ரோபோப் பெட்டியில் பார்த்தால் ஏகப்பட்ட ஸ்பான்ஜ். பாதியை எடுத்துவிட்டுப் பொன்னாடைகளைச் செருகினேன். ஸ்பான்ஜை விடப் பட்டு மென்மைதானே.

மாலையில் மரகதம், "ஏனுங்க, காஞ்ச சந்தனம் பையெல்லாம் கொட்டுதுங்க. இதையும் நாந்தான் கூட்டோணுமா?" என்று சத்தம் போட்டாள். பேட்டரிகளை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்தேன். காகிதத் துணுக்குகள் கொஞ்சம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு அசிங்கமாக இருந்தன. நகத்தால் சுரண்டி எடுத்தேன். இப்போது ஐந்தும் பளபளவென்று இருக்கின்றன.

மே 8, வியாழன்

கோலாலம்பூர். விடுதி அறை. என்ன எழுதுவது?

திருச்சி விமான நிலையத்தில் முதல் கட்டம் நன்றாகவே போனது. ரோபோப் பெட்டிகள், என் சூட்கேஸ் எல்லாம் நகரும் பட்டையில் ஏறி உள்ளே போயின. பாதுகாப்புச் சோதனையில் என் கைப்பையை நிறுத்தினார்கள். அதிகாரி ஒரு வடநாட்டு இளைஞர். பேட்டரிகளை மேஜையில் வரிசையாக வைத்தார். பூஜையில் நான் வைத்த அதே வரிசை. ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில் எவ்வளவு சக்தி என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் துறைத் தலைவர் என்றேன். அவர் மறுபடி அதையே கேட்டார். நான் முனைவர் பட்டம் பெற்ற தலைப்பைச் சொன்னேன். அது மசகெண்ணெய் பற்றியது. அவருக்கு ஆர்வம் இல்லை.

தாரணி தொலைபேசியில் கஸ்தூரியைக் கூப்பிட்டாள். "வித்தவரு குடுத்த லெட்டர் இருக்குதுங்களே, அதைக் காட்டுங்க" என்றாராம் கஸ்தூரி. கடிதம் எங்கே என்று தாரணி என்னைக் கேட்டாள். பத்திரமாக இருக்கிறது என்றேன். எங்கே பத்திரமாக என்று கேட்டாள். சூட்கேஸ் அந்நேரம் விமானத்தின் வயிற்றுக்குள் போயிருந்தது.

ஐந்து பேட்டரிகளும் அங்கேயே தங்கிவிட்டன. எழுத்து இல்லாத பேட்டரி மேலே பறக்கக் கூடாதாம்.

பிறகு ஃபாசிலாவின் பையைத் திறந்தார்கள். ஒரே ஒரு பேட்டரி. அழுக்கான வெள்ளைக் காகிதம், அதில் எண், முத்திரை. இளைஞர் படித்தார், தலையசைத்தார், போகலாம் என்றார். ஆக, பூஜைக்கு வராத பேட்டரி மட்டும் விமானம் ஏறியது. கடவுளின் திருவிளையாடல் யாருக்குப் புரியும்?

"சார், மேடம் ஆறுக்கும் ஒட்டுனாங்க. நான் கூட இருந்து பாத்தேன்" என்றாள் ஃபாசிலா. நான், பேட்டரிகளைத் தயார் செய்தது கஸ்தூரிதான், எனக்குக் கொடுக்கப்பட்டதை நான் கொண்டுவந்தேன் என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தாரணி என் விரல் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று தெரியவில்லை.

விமானத்தில் தந்த சாப்பாடு சுமார்.

மே 9, வெள்ளி

பட்ட காலிலே படும் என்பது சரிதான். போட்டி மண்டபத்தில் பெட்டிகளைத் திறந்தால் என்.எஸ். ஒன்றின் இடது முழங்கால் உடைந்து தொங்குகிறது. வழியில் யாரோ பெட்டியை எறிந்திருக்க வேண்டும். ஃபாசிலா உள்ளே கையை விட்டு, ஸ்பான்ஜ் இருந்த இடத்திலிருந்து பொன்னாடைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். பத்தையும் மேஜை மேல் அடுக்கிவிட்டு, என்னைப் பார்க்காமல் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினாள்.

நாளை ஆட்டம். ஒரு ரோபோவாவது இரண்டு பாதியும் களத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியேற்றம் என்பது விதி. ஒரு பேட்டரியை வைத்துக்கொண்டு முதல் பாதிக்கு மேல் நிற்க முடியாது. பதினொரு பேர் பந்தியில் ஒருவனுக்கு மட்டும் இலை போட்ட கதை.

பேட்டரி இரவல் கேட்டு மாணவிகள் மேஜை மேஜையாகப் போனார்கள். எனக்கும் சும்மா இருக்க முடியவில்லை. பொன்னாடைகளோடு கிளம்பினேன். ஜெர்மானியர் ஒருவருக்குப் போர்த்தினேன். அவர் விலை கேட்டார். அங்கே தொண்டராக இருந்த உள்ளூர்த் தமிழர் சிவநேசன் ஓடி வந்து, அந்த ஊர் வழக்கில் ஒரு 'லா' சேர்த்து, "சார், இங்க இதெல்லாம் வேணாம் லா. அவங்க பயந்துருவாங்க" என்றார். இந்தோனேசியாவின் சுரபயா அணிக்குப் பயிற்சி தருபவர் ஓர் அம்மையார். குளிரூட்டி அவர் தலைக்கு நேராக இருந்தது. நான் போர்த்தியதும் மிகவும் நன்றி சொல்லி இழுத்து நன்றாகப் போர்த்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவர்கள் அணியிலிருந்து ஒரு பேட்டரி வந்தது.

கஸ்தூரிக்கும் அந்த அம்மையாருக்கும் ஒரு வருடமாகக் கடிதப் போக்குவரத்து உண்டு என்றும், கஸ்தூரி கரூரிலிருந்து பேசித்தான் பேட்டரி கிடைத்தது என்றும் தாரணி சொல்கிறாள். இருக்கலாம். பொன்னாடை போர்த்தியது நான்.

மே 10, சனி

ஆடியது. நம் ரோபோ ஆடியது.

மாணவிகள் என்.எஸ். ஒன்றிலிருந்து நல்ல பாகங்களைக் கழற்றி இரண்டுக்கு உபரியாக வைத்திருந்தார்கள். முதல் பாதியில் ஃபாசிலாவின் பேட்டரி. அது தீர்ந்ததும் சுரபயா பேட்டரி. அது இரண்டு விரல் அகலம் கூடுதல். மார்புக் கூட்டுக்குள் நுழையவில்லை. தாரணி யாரையும் கேட்கவில்லை. ஒரு பொன்னாடையை எடுத்துச் சர்ரென்று கிழித்து, பேட்டரியை ரோபோவின் முதுகில் வைத்துக் கட்டினாள். சரிகைக் கரை முன்பக்கம் வந்து முடிச்சாக நின்றது. மண்டபத்தில் சிரித்தார்கள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது.

முதுகில் பாரம் என்பதால் அது பின்னால் சாய்ந்து விழுந்தது. விழுந்தால் தானாக எழ வேண்டும், யாரும் தொடக் கூடாது. கையை ஊன்றி, முழங்காலை மடக்கி, நடுங்கி நடுங்கி எழுந்தது. நாலடி நடந்து மறுபடி விழுந்தது. மறுபடி எழுந்தது. ஆறாவது தடவை எழுந்தபோது சிரித்தவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள்.  மூன்று வருடமாக ரோபோ கூடத்தைத் தாண்டித்தான் என் அறைக்குப் போகிறேன். ஒருநாள்கூட இது எப்படி எழுகிறது என்று நின்று பார்த்ததில்லை.

ஃபாசிலா தொலைபேசியில் எல்லாவற்றையும் கஸ்தூரிக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். கஸ்தூரி அழுதாராம்.

முடிவு ஆறுக்குப் பூஜ்யம். தோல்வி. அந்த ஆறில் ஒன்று நம் ரோபோ திசை மாறி நம் வலைக்குள்ளேயே அடித்தது. தாளாளருக்குப் போன் செய்தேன்.

"ஆடுச்சுங்களா சார்?"

"முழு நேரமும் ஆடியதுங்க. ஒரு கோலும் அடித்தது."

"அப்படிப் போடுங்க!" என்றார்.

எந்த வலை என்று அவர் கேட்கவில்லை.

மே 11, ஞாயிறு

மாணவிகள் ஊர் சுற்றிப் பார்க்கப் போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், ஒப்புக்குத்தான். போகவில்லை.

மே 12, திங்கள்

ஊர் திரும்பினோம். கல்லூரி வாசலில் இருபதடிக்கு ஃப்ளெக்ஸ். நடுவில் தாளாளர், வலப்புறம் நான், கீழே ஓர் ஓரத்தில் ரோபோ. "மலேசிய மண்ணில் கோல் அடித்த மாவீரன்" என்று போட்டிருக்கிறார்கள். அது என்னையா ரோபோவையா என்று மரகதம் கேட்டாள். கஸ்தூரி படம் இல்லை. இடம் போதவில்லையாம்.

மே 13, செவ்வாய்

பயண அறிக்கை எழுதி முடிக்க வேண்டியதாயிற்று. ஐந்து பேட்டரிகள் விமான நிலையத்தில் தங்கியது தாளாளரின் காதுக்கு வேறு வழியில் போய்விட்டது. அவருடைய மைத்துனர் திருச்சி விமான நிலையத்துக்கு அடிக்கடி போகிறவர். "நம்ம காலேஜ் பேரைச் சொல்லி நிறுத்தி வெச்சாங்களாமே, யாரு காரணம்?" என்று தாளாளர் என்னைக் கேட்டார்.

நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவதாக இப்படி எழுதினேன்: "பேட்டரிகளையும் அவற்றின் லேபிள்களையும் தயார் செய்தவர் உதவிப் பேராசிரியர் திருமதி கஸ்தூரி. சோதனையின்போது ஐந்து பேட்டரிகளில் லேபிள் காணப்படவில்லை."

இரண்டு வாக்கியமும் உண்மை. ஒன்றை அடுத்து ஒன்றை வைத்தது மட்டும்தான் நான்.

மே 14, புதன்

கஸ்தூரிக்கு மெமோ போனது. கவனக்குறைவு, கல்லூரியின் நற்பெயருக்குக் களங்கம். ஒப்பந்தத்தை ஏன் புதுப்பிக்க வேண்டும் என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். கூடத்தைப் பற்றியும் மறுபரிசீலனையாம். ரோபோதான் ஆடிவிட்டதே என்று நினைத்தேன். தாளாளரிடம் கேட்கலாம் என்று புறப்பட்டேன், வழியில் நூலகத்தில் வேலை வந்துவிட்டது.

மே 16, வெள்ளி

தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டேன். முருங்கையில் கம்பளிப்பூச்சி.

மே 19, திங்கள்

கஸ்தூரி விளக்கக் கடிதத்தோடு என் அறைக்கு வந்தார். துறைத் தலைவர் குறிப்பெழுதி மேலே அனுப்ப வேண்டும் என்பது நடைமுறை. என் பெயரைச் சொல்லி ஏதாவது எழுதியிருப்பார் என்று எதிர்பார்த்தேன். மூன்றே வரி. "ஆறு பேட்டரிகளுக்கும் லேபிள் ஒட்டி ஒப்படைத்தேன். அதற்குப் பிறகு நடந்தது எனக்கு நேரில் தெரியாது. பணியைத் தொடர அனுமதிக்க வேண்டுகிறேன்."

"வேற ஏதாச்சும் சேர்க்கோணுமுங்களா சார்?" என்று கேட்டார். என் முகத்தை நேராகப் பார்த்துத்தான் கேட்டார்.

போதும் என்றேன். பச்சை மையில் "பரிசீலிக்கவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருபத்தாறு வருடத்தில் என்னைக் காப்பாற்றிய சொல் அது. யாரையும் தூக்காது, யாரையும் தாழ்த்தாது.

மே 21, புதன்

பரிசீலித்துவிட்டார்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. கூடத்தை மாத இறுதிக்குள் காலி செய்ய வேண்டும்.

மதியம் அந்தப் பக்கமாகப் போக நேர்ந்தது. கஸ்தூரி இல்லை, மகளுக்குப் பள்ளி பார்க்க வெளியூர் போயிருக்கிறாராம். தாரணி அட்டைப் பெட்டிகளில் கம்பிகளைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தாள். ரோபோக்கள் தரையில் சுவரோரமாகப் படுத்துக் கிடந்தன. ஒன்றின் இடுப்பில் இன்னும் பொன்னாடைத் துண்டு.

வேறு என்ன பேசுவது என்று தெரியாமல், "என்மேல் கோபமா?" என்று கேட்டுவிட்டேன்.

"நாங்க யாருகிட்டயும் உங்க பேரைச் சொல்லலீங்க சார்" என்றாள். கை கம்பி சுருட்டுவதை நிறுத்தவில்லை. "ஏர்போர்ட்டுல உங்க நகத்துக்குள்ள பாத்தனுங்க. சந்தனமும் பேப்பருமா இருந்துது. நானும் ஃபாசிலாவும் நேரா தாளாளர்கிட்டப் போறோம்னு மேடம்கிட்டச் சொன்னோம். மேடம்தான் வேண்டாம்னுட்டாங்க."

"ஏன்?"

"அடுத்த வருசம் ஜூனியர்ஸ் போட்டிக்குப் போகோணும்னா வையாபுரி சார் கையெழுத்து வேணும், அவரைப் பகைச்சுக்காதீங்கன்னாங்க. அவங்க இருக்கமாட்டாங்கன்னு தெரிஞ்சும் அதைத்தான் சொன்னாங்க சார்."

நான் நன்றி என்றேன். எதற்கு நன்றி என்று எனக்கே விளங்கவில்லை.

மே 22, வியாழன்

தூக்கமில்லை. அசிடிட்டி.

இல்லை, அசிடிட்டி இல்லை. லேபிளைச் சுரண்டியது நான். ஸ்பான்ஜை எடுத்தது நான். கடிதத்தைச் சூட்கேஸில் பூட்டியது நான். திருச்சியில் அந்த இளைஞர் பேட்டரியைத் திருப்பிய முதல் நொடியிலேயே எனக்குத் தெரியும். எழுதிவிட்டேன். எழுதினால் மனசு லேசாகும் என்பார்கள். ஆகவில்லை.

மரகதத்திடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகப்போகுது?" என்றாள்.

மே 23, வெள்ளி

காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ராஜினாமாக் கடிதம் ஒன்றை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். முதல்வர் நாற்காலி போனது போனதுதான். இருக்கிற நாற்காலியும் போகலாம். மரகதத்திடம் சாப்பாட்டுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்னவோ போருக்குப் போகிறவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தது இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

தாளாளர் தனியாக இருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். "அந்தப் பேட்டரி விஷயத்தில் கஸ்தூரிமேல் தப்பு இல்லீங்க. லேபிள்மேல் சந்தனம் வைத்தது நான். துடைத்து, சுரண்டி எடுத்ததும் நான். அறிக்கையில் மறைத்துவிட்டேன்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அட, நீங்களாங்க சார்? இதை மொதல்லயே சொல்லக்கூடாதா? நான் அந்தம்மா அசால்ட்டா இருந்துட்டாங்களாட்டம்னு நெனச்சேன்."

"இல்லீங்க, நான்தான்..."

"உக்காருங்க சார். சாமி காரியம். பூசை போடறது ஒரு தப்பா? கை தவறுறது மனுசனுக்கு சகஜமுங்க. நீங்க என்ன வேணும்னா பண்ணுனீங்க?" மணியை அடித்து இரண்டு டீ சொன்னார். ஏலக்காய் போட்டு வந்தது. ஃபைலை எடுத்துவரச் சொல்லி, "விஷயம் முடித்து வைக்கப்படுகிறது" என்று ஒரு வரி எழுதினார். கஸ்தூரியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவும் கூடத்தை அப்படியே விடவும் அடுத்த வரியில் எழுதினார். டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"ஜூன்ல உங்களுக்கு நெறைய வேலை இருக்குதுங்க சார். உடம்பைப் பாத்துக்கோங்க" என்றும் சொன்னார். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். ஒரு வாரம் முன்னால் என்றால் அங்கேயே துள்ளியிருப்பேன். ராஜினாமாக் கடிதம் பையிலேயே இருந்தது. அதை எடுக்கும் சந்தர்ப்பமே வரவில்லை.

உத்தரவை வாங்கிக்கொண்டு நேராகக் கூடத்துக்குப் போனேன். கஸ்தூரி தரையில் உட்கார்ந்து உடைந்த முழங்காலைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போன பிறகும் அதை ஏன் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. உத்தரவைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். 

"எப்படீங்க சார்?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், லேபிளைச் சுரண்டியதிலிருந்து. இவ்வளவு தூரம் வந்து ஒப்புக்கொண்டதற்கு ஒரு வார்த்தை பாராட்டாகச் சொல்வார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன் என்பதையும் இங்கே மறைக்க வேண்டாம்.

"உங்களைத் திட்டலீங்களா?" என்று கேட்டார்.

"இல்லை."

"மெமோ?"

"இல்லை. டீ கொடுத்தார்."

கஸ்தூரி உத்தரவை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.  குரலில் கோபம்கூட இல்லை.

"எனக்கு ஒம்பது நாளுங்க சார். பாப்பாவுக்கு ஸ்கூல் கேட்டு மூணு ஊர் அலைஞ்சேன். 'அம்மா என்ன தப்புப் பண்ணுனே'ன்னு அவ கேட்டா. எனக்கே தெரியாததால பதில் சொல்ல முடியல. அதே தப்பு உங்களுக்கு ஒரு டீயோட போயிருச்சு."

  மன்னித்துவிடுங்கள் என்றேன். "சரிங்க சார்" என்றார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. குனிந்து பல்சக்கரங்களை ஒவ்வொன்றாக எண்ணெயில் கழுவ ஆரம்பித்தார். நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அவர் உட்காரச் சொல்லவில்லை.